மழைக்காலத்துக்கு முன் லான் ஸ்பிரிங்க்ளரை என்ன செய்து மூடி வைப்பது? (சென்னை, போர் தண்ணீர்)

பச்சைத்தரை கேட்டது:

வணக்கம். மடிப்பாக்கத்தில் தனி வீடு. பின்பக்கம் 30 அடிக்கு 45 அடி லான், மெக்சிகன் புல். மேலே நாலு அங்குலம் செம்மண், அடியில் சுத்தக் களி. போர் தண்ணீர் சம்ப்புக்கு வருகிறது. அங்கிருந்து 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார் இழுத்து, டிஸ்க் பில்டர் வழியாக இரண்டு சொலினாய்டு வால்வுக்கு (டைமர் கரண்ட் கொடுத்தால் திறப்பது) தருகிறது. ஒரு வால்வுக்கு ஒரு லைன், லைனுக்கு 6 பாப்-அப் (தண்ணீர் வந்ததும் தரைக்குள்ளிருந்து எழும் தலை), மொத்தம் 12. எல்லாம் 15 அடி வீசும் ஸ்பிரே நாசில். மோட்டாரையும் டைமரே ஆன் பண்ணும். சுவரோரம் செம்பருத்தி, இட்லிப்பூவுக்கு 16 மி.மீ. இன்லைன் டிரிப் 60 மீட்டர், அது மட்டும் கை வால்வு. வருஷம் முழுக்க தினமும் காலை 15 நிமிடம் ஓடும்படி வைத்திருக்கிறது.

அடுத்த மாதம் மழை ஆரம்பித்துவிடும். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியவை:

ஒன்று, யூடியூபில் எல்லாரும் சீசன் முடிந்ததும் கம்ப்ரஸர் வைத்துக் குழாயை ஊதிக் காலி செய்கிறார்கள். பிளம்பரும் செய்யலாம் என்கிறார். தேவையா?

இரண்டு, போன தடவை மழைக்கு நிறுத்திவிட்டுப் பொங்கல் கழித்துப் போட்டபோது, இரண்டாவது லைன் ஓடும்போது முதல் லைனும் சேர்ந்து ஓடியது. இரண்டிலும் வேகம் இல்லை, பாப்-அப் பாதி எழுந்து நிற்கும். வால்வைத் தட்டினால் சரியாகும், நாலு நாளில் மறுபடி அதே கதை.

மூன்று, மூன்று நாலு பாப்-அப் எழுந்தால் உள்ளே போவதில்லை, காலால் அழுத்த வேண்டியிருக்கிறது. காம்பவுண்டு சுவரில் காவிக் கறை வேறு.

---

குழாய்க்காரர்:

கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம் சார். அந்த வீடியோ எல்லாம் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் போடுவது. தண்ணீர் உறைந்தால் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும், குழாய் பிளந்துவிடும். அதனால் அவர்கள் குளிருக்கு முன் ஊதிக் காலி செய்கிறார்கள். நம் மார்கழிக் குளிரில் அந்தப் பயம் இல்லை. தவிர, தண்ணீர் அழுத்தத்தில் பி.வி.சி. விரிசல் விட்டால் கசியும், அவ்வளவுதான். காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை லானில் மாட்டிப் பார்க்கிற வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

இங்கே சிஸ்டத்தைக் கெடுப்பது குளிர் இல்லை, சும்மா கிடப்பது. மூன்று மாதம் ஓடாமல் இருந்தால் குழாயில் வண்டல் படியும், வால்வு ரப்பர் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் ஷாஃப்ட் துருப்பிடித்து இறுகும், பாப்-அப்புக்குள் எறும்பு குடியேறும். அதனால் மூடி வைப்பது என்ற பேச்சே வேண்டாம். டைமரை நிறுத்துங்கள், சிஸ்டத்தை உயிரோடு வைத்திருங்கள். 15 நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு லைனையும் 2 நிமிடம் கையால் ஓட்டினால் போதும். மழை பெய்து தரை ஊறிக் கிடந்தாலும் ஓட்டுங்கள். 2 நிமிடத்தில் விழுவது ஒரு மி.மீ.க்குச் சற்று மேல், அது ஒன்றும் செய்யாது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள்.

முதலில் பில்டர். மூடியைத் திருகிக் கழற்றி டிஸ்க் கட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு வட்டாகப் பிரித்து பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கவும். மொத்தமாகக் குழாயடியில் காட்டினால் போகாது, வட்டுகளின் வரிப்பள்ளத்துக்குள் காவி உட்கார்ந்திருக்கும். நிறம் போகவில்லை என்றால் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தேயுங்கள். உங்கள் சிஸ்டத்துக்கு 120 மெஷ், அதாவது 130 மைக்ரான் சரி. பில்டருக்கு முன்னும் பின்னும் ஒரு பிரஷர் கேஜ் வைத்துவிட்டால் ஊகமே தேவையில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 0.5 பார் ஆகிவிட்டால் கழுவும் நேரம்.

அடுத்தது ஃப்ளஷிங். ஒவ்வொரு லைனிலும் கடைசி பாப்-அப்பின் நாசிலையும் அதற்கடியில் இருக்கும் சின்னச் சல்லடையையும் கழற்றிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். முதலில் செங்காவியாக வரும், தெளிந்த பிறகு இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். மற்ற நாசில்களை அதற்கப்புறம்தான் கழற்ற வேண்டும். முதலிலேயே எல்லாவற்றையும் கழற்றினால் தண்ணீர் பிரிந்து வேகம் போய்விடும், வண்டல் நகராது.

மூன்றாவது வால்வு பாக்ஸ். மூடியைத் திறந்து சேற்றை அள்ளி, அடியில் 20 மி.மீ. ஜல்லி நாலு அங்குலம் நிரப்புங்கள். உங்கள் பக்கம் களி என்பதால் பாக்ஸில் தண்ணீர் நின்றுவிடும், அது கொசு முட்டையிட அருமையான தொட்டி. மழைக்காலத்தில் மாநகராட்சி ஆள் வந்து திறந்து பார்த்தால் முதலில் அதைத்தான் காட்டுவார்.

பாப்-அப் உள்ளே போகாததற்குக் காரணம் பெரும்பாலும் மணல். தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வைப்பர் சீல் இருக்கும், அதற்கும் தண்டுக்கும் நடுவே மண் சிக்கிக்கொள்ளும். லைன் ஓடும்போது தண்டைக் காலால் பாதி அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, பத்து தடவை செய்யுங்கள். சீல் வழியாகத் தண்ணீர் பீச்சி மண்ணை வெளியே தள்ளும். அப்படியும் போகாவிட்டால் மேல் மூடியை இடப்பக்கம் திருகி, தண்டை ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்துக் கழுவவும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் ஓர் அடி அகலத்துக்குப் புல்லையும் மண்ணையும் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் கழுவப்போய் இன்னும் மண்ணை உள்ளே தள்ளுவீர்கள். வழுக்கட்டும் என்று கிரீஸ், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். மண் அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

இதெல்லாம் முடிந்ததும், டைமரை நிறுத்துவதற்கு முன் ஒரு டப்பா டெஸ்ட் செய்து எண்களை இங்கே போடுங்கள். நேர் சுவர் உள்ள ஒரே அளவு டப்பா 8 எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளர் கூடாது, மேலே விரிந்திருப்பதால் அளவு பொய் சொல்லும். லானில் பரவலாக வைத்து, காற்றில்லாத விடியற்காலையில் இரண்டு லைனையும் ஒவ்வொன்றாக 15 நிமிடம் ஓட்டி, ஸ்கேலால் மி.மீ. அளந்து எழுதுங்கள்.

---

24வோல்ட்:

வால்வு விஷயத்துக்கு மட்டும் நான் வரேன் சார்.

மோட்டாரையும் டைமர்தான் ஓட்டுதுன்னா, வால்வு மூடாம நின்னாலும் உங்களுக்கு நேரடியா தெரியாது. மோட்டார் நின்னதும் தண்ணி நின்னுடும். அடுத்த லைன் ஓடும்போதுதான் திருட்டு வெளிய வரும். நீங்க சொல்றது அதேதான். 6 தலைக்கு வர வேண்டிய தண்ணி 12 தலைக்குப் பிரியுது.

மொதல்ல கரண்ட் பிரச்சினையா, மெக்கானிக்கலான்னு பிரிச்சுக்கணும். ரெண்டாவது லைனை ஓட விட்டுட்டு, டைமர்ல ஒண்ணாவது வால்வோட ஒயரைக் கழட்டுங்க. 24 வோல்ட் ஏசிதான், ஷாக் அடிக்கிற சமாச்சாரம் இல்ல. ஆனா 230 உள்ள வர்ற பக்கமும் மோட்டார் ரிலே பக்கமும் கை போகவே கூடாது, வெறுங்காலோட ஈரத்துல நிக்கக் கூடாது. ஒயரைக் கழட்டியும் மொத லைன் ஓடுச்சுன்னா வால்வுக்குள்ள குப்பை. கழட்டினதும் நின்னுச்சுன்னா டைமர் அவுட்புட் லீக், இல்ல பாக்ஸ்ல ரெண்டு ஒயரும் ஈரத்துல ஒட்டியிருக்கு. தட்டினா சரியாகுதுன்னு சொல்றதால குப்பைன்னுதான் என் பந்தயம்.

அதுக்கும் முன்னாடி ஒரு சில்லறை விஷயம். வால்வு தலையில சின்ன ப்ளீட் ஸ்க்ரூ இருக்கும், சில வால்வுல ஒயர் வந்து சேர்ற காயிலையே கால் சுத்து தளர்த்தினா கையால திறக்கிற மாதிரி இருக்கும். தோட்டக்காரர் எப்பவோ திறந்துட்டு முழுசா இறுக்காம விட்டிருப்பார். பாதி கேஸ் இதுதான். கைவிரல் இறுக்கம் போதும், ஸ்பேனர் போட்டா பிளாஸ்டிக் மரை போயிடும்.

அது இல்லன்னா பிரிக்கணும். மோட்டார் எம்.சி.பி.யை (மோட்டாருக்கான பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிட்டு, பில்டருக்கு அப்புறம் இருக்கிற பால் வால்வை மூடிட்டு, ஏதாவது ஒரு லைனைக் கையால திறந்து பிரஷரை விடுங்க. வால்வு மேல்மூடியில நாலு அல்லது ஆறு ஸ்க்ரூ. குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க. மூடியைத் தூக்குறப்ப அடியில ஸ்பிரிங் துள்ளி ஓடிடும், கைக்குட்டையை மேல போட்டுத் தூக்குறது நல்லது. பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துடுங்க. டயஃப்ரம் எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருந்துச்சுன்னு அப்புறம் நிச்சயமா மறந்துடும்.

டயஃப்ரம் ரப்பரை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் மாத்துங்க. நல்லா இருந்தா, அது உக்கார்ற வளையத்தை விரலால தடவுங்க. உங்க போர் தண்ணிக்கு அங்க ஒரு மணல் குருணையோ, குழாய் அறுத்த பி.வி.சி. சுருளோ கட்டாயம் இருக்கும். வளையத்துல பள்ளம் விழுந்திருந்தா டயஃப்ரம் மாத்தினாலும் கசியும், முழு வால்வும் மாத்தணும்.

இப்ப முக்கியமான இடம். டயஃப்ரத்துலயோ, வால்வு உடம்போட ஓரத்துலயோ குண்டூசி மொத்தத்துக்கு ஒரு ஓட்டை இருக்கும். தண்ணி அது வழியா மேல் அறைக்குப் போய் ரப்பரைக் கீழ அழுத்தினாதான் வால்வு மூடும். மேலயும் கீழயும் ஒரே பிரஷர்தான், ஆனா மேல் பக்கம் பரப்பு அதிகம், அதான் சூட்சுமம். இந்த ஓட்டை அடைச்சா மேல் அறை நிரம்பாது, வால்வு திறந்தே நிக்கும். காவித் தண்ணிக்கு மொதல்ல அடைக்கிறது இதுதான். ஊசி, கம்பி விட்டுக் குடையாதீங்க. ஓட்டை பெருசானா வால்வு அப்புறம் திறக்காது. பிரஷ்ஷோட ஒரு நைலான் மயிரை விட்டு எடுங்க, இல்ல சிட்ரிக் தண்ணியில ஊறப்போட்டு வாயால ஊதுங்க.

காயிலைக் கழட்டினா உள்ள ஒரு சின்ன இரும்பு பிளஞ்சர், ஸ்பிரிங்கோட. அது வழுக்கிட்டு மேல கீழ போகணும். துரு பிடிச்சிருந்தா துடைச்சு வெச்சுப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா காயிலோட மாத்துங்க. மல்டிமீட்டர்ல காயில் 20-லேருந்து 60 ஓம் காட்டினா நல்ல காயில். சுத்தமா பாதை இல்லன்னு காட்டினா எரிஞ்சுது, 10-க்குக் கீழ போனா உள்ள ஷார்ட், டைமர் ஃப்யூஸைத் தின்னும்.

மூடுறப்ப ஸ்க்ரூவை குறுக்கு மறுக்கா சமமா இறுக்குங்க. அம்புக்குறி தண்ணி போற திசையைப் பார்க்கணும்.

ஒயர் ஜாயிண்ட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல பாக்ஸுக்குள்ள முறுக்கி கருப்பு டேப் சுத்திட்டுப் போயிடுவாங்க. ஒரு மழைக்காலம் தாங்கும், ரெண்டாவதுல தாமிரம் பச்சை பூத்து அறுந்துடும். ஜெல் நிரப்பின வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் போடுங்க. ஜாயிண்ட் மேல பார்த்து நிக்கட்டும், பாக்ஸ் அடியில படுக்கக் கூடாது. அரை அடி ஒயர் சுருட்டி உபரியா விட்டுடுங்க.

இடி மின்னல் நாள்ல டைமரைப் ப்ளக்கோட பிடுங்கி வைங்க. மடிப்பாக்கத்துல தெருவுல தண்ணி நின்னா மோட்டார் எம்.சி.பி.யை இறக்கிட்டு, மோட்டார் காயிற வரைக்கும் ஏத்தாதீங்க. ஸ்டார்ட்டர் பேனலும் டைமரும் இதுவரை வந்த வெள்ள அளவுக்கு ரெண்டு அடி மேல இருக்கணும். மோட்டார் லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா துண்டிக்கிற சுவிட்ச்) இல்லன்னா மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதைப் போடுங்க.

---

திருவான்மியூர் மணல்:

காவிக் கறைக்குப் பில்டரைக் கழுவிப் பயனில்லை. போரிலிருந்து வரும்போது இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், தண்ணீர் பளிச்சென்று தெரியும். காற்று பட்டதும் துருவாக மாறிப் படியும். கரைந்திருக்கும் இரும்பை 130 மைக்ரான் இல்லை, 10 மைக்ரான் பில்டரும் பிடிக்காது. துருவாக மாறுவது தவிர்க்க முடியாதது. அது நாசிலிலும் சுவரிலும் மாறாமல் சம்ப்பிலேயே மாறட்டும் என்பதுதான் வழி.

போர் குழாய் சம்ப்புக்குள் தண்ணீருக்கடியில் முழுகி விழுகிறதா பாருங்கள். அப்படியென்றால் அதை மேலே தூக்கி, முனையில் ஒரு ஷவர் தலையோ, துளையிட்ட எண்ட் கேப்போ போட்டு மூன்று நாலு அடி உயரத்திலிருந்து மழை மாதிரி விழ வையுங்கள். இரவு நிரப்பி மறுநாள் விடியற்காலையில் இழுத்தால் துரு அடியில் தங்கியிருக்கும். மோட்டார் இழுக்கும் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு சம்ப் தரையிலிருந்து ஒரு அடியாவது மேலே இருக்க வேண்டும். படிந்த சேற்றை மழைக்கு முன் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை அள்ளிவிடுங்கள். வாளியில் பிடித்து வைத்த தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் போல மினுக்கினால், விரலால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் இரும்பு பாக்டீரியா, கலைந்து மறுபடி சேர்ந்தால் எண்ணெய். பாக்டீரியா என்றால் குழாய்க்குள் கொழகொழவென்று செங்கூழ் வளரும், டிரிப்புக்கு அதுதான் எமன்.

டிரிப் அடைப்பில் இரும்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து வகையில் சேர்த்துவிடுவார்கள், 0.1-க்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு முறை லேபில் கொடுத்து இரும்பு, பி.எச். (அமில அளவு), டி.டி.எஸ். (கரைந்த உப்பு) மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்காரர் அண்ணன் டிரிப்பைத் தொடவே இல்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன் கடைசி முனைகளைத் திறந்து தெளியும் வரை ஓட விடுங்கள். அடைப்பு இருந்தால் ஆசிட் கொடுக்கலாம். 16 மி.மீ. பைப் ஒரு மீட்டருக்குச் சுமார் 150 மில்லி தண்ணீர்தான் பிடிக்கும், உங்கள் 60 மீட்டருக்கு 9 லிட்டர். எனவே 20 லிட்டர் வாளித் தண்ணீரில் 200 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, ஏர் கூலரில் இருக்குமே, அந்தச் சின்ன பம்ப் மூலம் பைப்புக்குள் ஏற்றுங்கள். கடைசி முனையில் வரும் சொட்டை பி.எச். பேப்பரில் தொட்டு 4-க்குக் கீழே காட்டினால் முனையை மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் முனையைத் திறந்து 10 நிமிடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கடையில் கிடைக்கும் மஞ்சள் ஆசிட்டை ஊற்றச் சொல்வார்கள். வேலை வேகமாக நடக்கும் என்பது உண்மை, ஆனால் வீட்டுக்கு அது வேண்டாத விஷப்பரீட்சை. எந்த ஆசிட் ஆனாலும் தண்ணீரில்தான் ஆசிட்டைச் சேர்க்க வேண்டும், தலைகீழாகக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ஸ்பிரிங்க்ளர் லைனுக்குள் ஆசிட் ஏற்ற வேண்டியதில்லை. நாசிலையும் சல்லடையையும் கழற்றி ஊறவைத்தால் முடிந்தது. குழாய்க்குள் ஏற்றினால் மோட்டார் இம்பெல்லரும் பித்தளை ஃபிட்டிங்கும்தான் அரிக்கும்.

---

பச்சைத்தரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வால்வைப் பிரித்தேன். ஊசி ஓட்டை முழுக்கக் காவி அடைத்திருந்தது, வளையத்தில் ஒரு மணல் குருணையும். இப்போது ஒரு லைன் ஓடும்போது மற்றது அசையவில்லை. போர் குழாய் முனை தண்ணீருக்குள்தான் இருந்தது, தூக்கச் சொல்லியிருக்கிறேன்.

டப்பா டெஸ்ட், 15 நிமிடம், மி.மீ.யில்: 9, 8, 10, 5, 9, 4, 8, 11. நாலும் ஐந்தும் வந்தவை இரண்டும் செம்பருத்தி இருக்கும் தெற்கு ஓரம். இதை வைத்து என்ன செய்வது? பொங்கலுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஓட்டுவது?

---

குழாய்க்காரர்:

கூட்டினால் 64, சராசரி 8 மி.மீ. அதாவது மணிக்கு 32.

இருக்க வேண்டியது எவ்வளவு? 15 அடி ஸ்பிரே நாசில் 2.1 பாரில் முழு வட்டம் நிமிடத்துக்கு 14 லிட்டர், அரை வட்டம் 7, கால் வட்டம் 3.5 கொட்டும். 30-க்கு 45 லானில் மூலை 4, ஓரம் 6, நடு 2 என்று வைத்திருப்பார்கள். மொத்தம் 84 லிட்டர். பரப்பு 125 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் விழுந்தால் ஒரு மி.மீ. ஆக மணிக்கு 40 மி.மீ. வர வேண்டும். காற்றிலும் சிதறியும் கொஞ்சம் போகும், 36 வந்தாலே நல்ல மார்க்.

இப்போது அந்த இரண்டு டப்பாவை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறைப் பாருங்கள். சராசரி 9.2, மணிக்குக் கிட்டத்தட்ட 37. ஆக மோட்டாரும் பில்டரும் பிரஷரும் நன்றாக இருக்கின்றன. எல்லா டப்பாவிலும் சமமாகக் குறைந்திருந்தால் பிரஷரைச் சந்தேகப்பட வேண்டும். நாசிலில் தண்ணீர் பிரஷரின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் போகும், அதனால் தண்ணீர் 20 சதவீதம் குறைவு என்றால் பிரஷர் 36 சதவீதம் விழுந்திருக்கும். உங்களுக்கு அது இல்லை. தெற்கு ஓரத்து நாசில் இரண்டையும் பாருங்கள்: சல்லடை அடைத்திருக்கும், அல்லது தலை சாய்ந்திருக்கும், அல்லது செம்பருத்திக் கிளை நேராக மறைக்கும். கிளைதான் என்று நினைக்கிறேன். வெட்டிவிட்டு அந்த இரண்டு இடத்தை மட்டும் மறுபடி அளந்து பாருங்கள்.

அந்த ஓரம் காய்கிறது என்று மொத்த நேரத்தையும் 15 நிமிடமாக ஏற்றி வைத்ததுதான் உங்கள் தோட்டத்தில் நடந்திருக்கிறது. கணக்கு இப்படி: சென்னையில் மே மாதம் நாளுக்கு 6 மி.மீ.க்கு மேல் ஆவியாகும், மெக்சிகன் புல்லுக்கு அதில் முக்கால் பங்குக்கும் குறைவாகவே போதும். 4.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். தையில் 2.6 போதும். நீங்கள் தையிலும் 8 மி.மீ. கொடுத்துவந்தீர்கள், தேவையைப் போல மூன்று மடங்கு.

நாசில் சரியானதும் மணிக்கு 36 மி.மீ. என்று எடுத்தால், அக்னி நட்சத்திர நாட்களில் கூட தினம் 7 நிமிடம்தான். ஆனால் களிமண்ணுக்குத் தினம் கொடுக்காதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் 14 நிமிடம். அதையும் ஒரே மூச்சில் கொடுத்தால் கடைசி ஐந்து நிமிடத் தண்ணீர் நடைபாதைக்கு ஓடிவிடும். விடியற்காலை 4:30-க்கு 7 நிமிடம், நடுவில் முக்கால் மணி நேரம் உறிஞ்ச விட்டு இன்னொரு 7 நிமிடம். டைமரில் இரண்டு ஸ்டார்ட் டைம் வைத்தால் தானே நடக்கும். சாயங்காலம் வேண்டாம், கடற்காற்றில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும், மீதி இரவெல்லாம் இலையில் நின்று பூஞ்சை பிடிக்கும்.

டைமரில் சீசன் சதவீதம் (எல்லா ஓட்ட நேரத்தையும் ஒரே அடியாகக் கூட்டிக் குறைப்பது) இருக்கிறதல்லவா, மே மாதத்தை 100 என்று வைத்துக்கொண்டு அதை மட்டும் மாற்றுங்கள். பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை 60, மார்ச் 80, ஏப்ரல் 90, மே ஜூன் 100, ஜூலையிலிருந்து 80. ஆடிக்கு மேல் மாலை மழை பிடித்தால் அன்றைக்கும் மறுநாளும் விட்டுவிடுங்கள்.

4.2 மி.மீ. என்பது உங்கள் லானுக்கு நாளைக்கு 525 லிட்டர். போர் வற்றி 12,000 லிட்டர் லாரி வாங்கும் நிலை வந்தால் ஒரு லாரி 23 நாள் வரும். பழைய 15 நிமிடக் கணக்கில் 12 நாளில் தீர்ந்திருக்கும்.

---

அருகம்புல்:

சதவீதத்தை நம்பி டைமரைப் பார்த்துக்கொண்டே இருக்காதீங்க, புல்லைப் பாருங்க. நடந்துபோன கால்தடம் அரை மணி நேரம் கழித்தும் எழாமல் கிடந்தால், லேசாகச் சாம்பல் நீலம் தட்டினால் தண்ணீர் கேட்கிறது. நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் குத்திப் பாருங்க, நாலு அங்குலம் சுலபமாக இறங்கினால் இன்னொரு நாள் தள்ளலாம்.

இன்னொன்று. பொங்கலுக்குப் பிறகு தோட்டக்காரர் செம்மண்ணும் எருவும் கலந்து மேலே தூவுவார். வருஷத்துக்கு அரை அங்குலம் ஏறும். நாலைந்து வருஷத்தில் பாப்-அப் தலை குழிக்குள் போய்விடும், வீச்சு புல்லிலேயே அடிபடும். தலைமூடி மண் மட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். தெற்கு ஓரத்தில் கிளையை வெட்டியும் சரியாகவில்லை என்றால் இதைப் பாருங்க. சுற்றித் தோண்டி, அடியில் அரை அங்குல விட்டமுள்ள நிப்பிள் (இரண்டு முனையிலும் மரை உள்ள சின்னக் குழாய்த்துண்டு) ஒன்று சேர்த்துத் தூக்கினால் போதும். மரையில் டெஃப்லான் டேப் மட்டும், சொல்யூஷன் தடவிவிடாதீங்க, அடுத்த தடவை கழற்ற வராது. தூக்கிய பிறகு சுற்றிலும் மண்ணை நன்றாக மிதித்து இறுக்கணும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சாய்ந்துவிடும்.

---

பச்சைத்தரை:

கிளைதான். வெட்டியதும் 8, 9 வந்துவிட்டது. கடைசியாக ஒன்று, ரெயின் சென்சார் ஒன்று ஈவ்ஸில் (கூரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம்) மாட்டியிருக்கிறது. அது இருக்கும்போது டைமரைக் கையால் நிறுத்தத்தான் வேண்டுமா?

---

24வோல்ட்:

ஈவ்ஸுக்கு அடியிலயா? அங்க மழையே படாதே சார். மொதல்ல அதைத் திறந்த வானத்துக்குக் கொண்டு போங்க. கைப்பிடிச் சுவர் மேல, ஸ்பிரிங்க்ளர் தண்ணி படாத இடமா.

உள்ள கார்க் மாதிரி வட்டுங்க இருக்கும், நனைஞ்சா உப்பி சுவிட்சை அழுத்தும், காஞ்சா சுருங்கும். நம்ம வெயில்ல நாலஞ்சு வருஷத்துல உப்புற சக்தி போயிடும். சோதிக்கிறது சுலபம்: லைன் ஓடுறப்ப ஒரு சொம்பு தண்ணியை மெதுவா அது மேல ஊத்திட்டே இருங்க. அஞ்சு பத்து நிமிஷத்துல டைமர் கட் பண்ணணும். பண்ணலன்னா வட்டு மாத்துங்க, இல்ல டைமர்ல சென்சார் பைபாஸ் சுவிட்ச் போட்டிருக்கான்னு பாருங்க.

அது நல்லா இருந்தாலும் ஐப்பசி கார்த்திகைக்கு கையால நிறுத்துறதுதான் சரி. ரெண்டு நாள் மழை விட்டா வட்டு காஞ்சுடும், களிமண்ணு காயாது. சென்சார் ஆடி ஆவணி மழைக்கு. நிறுத்துறப்ப ஆஃப் போட்டா போதும், ப்ரோகிராமை அழிக்காதீங்க. உள்ள பட்டன் செல் இருந்தா இப்பவே மாத்திடுங்க. ப்ளக்கைப் பிடுங்கி வைக்கிற நாள்ல நேரத்தை ஞாபகம் வெச்சிருக்கிறது அந்தச் செல்தான்.